டிசம்பரில் மாலத்தீவு: ரிசார்ட் இல்லாமல் முடியுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து நாலு பேர், பள்ளி விடுமுறையில். ரிசார்ட் கட்டுபடியாகாது. எப்படிப் போவது?

பதில் 1: மாஃபுஷி தீவில் விருந்தினர் இல்லம் எடுங்க. விசா இலவசம், இறங்கியதும் 30 நாள் தருவாங்க. ஆனா இமுகா (IMUGA) என்ற இணையவழிப் பயணி அறிவிப்புப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்பணும். திரும்பும்போது இன்னொண்ணு, பலர் கோட்டை விடுறது அங்கதான்.

பதில் 2: அண்ணே, ராத்திரி இறங்கினா படகு கிடைப்பது கஷ்டம். பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயில் தங்கிடுங்க, விமான நிலையத்திலிருந்து டாக்சியே போகும். வெள்ளிக்கிழமை வார விடுமுறை, படகு குறைவு.

பதில் 3: பெட்டியில் சாமி சிலை வேணாம்; வழிபாட்டுச் சிலைக்கும் மதுவுக்கும் சுங்கத்தில் தடை. சின்ன விடுதியில் பசுமை வரி தலைக்கு இரவுக்கு 6 டாலர். வாடகையோடு சேர்ந்ததான்னு முன்பே கேளுங்க. பிளக் பெரும்பாலும் நம்ம மூணு முள்ளுதான்.