பள்ளத்தில் ஸ்வாம்ப் மில்க்வீட் வளர்ப்பு: விதையை எப்போது ஊன்றலாம்?

கேள்வி

வணக்கம். வட அமெரிக்காவில் கடுங்குளிர் நிலவும் பகுதியில் இருக்கிறோம். வீட்டின் பின்புறம் மழைநீர் வடிந்து தேங்கும் களிமண் பள்ளத்தில், இம்மண்ணுக்கே உரிய ஸ்வாம்ப் மில்க்வீட் என்னும் பால்வடியும் செடியை வளர்த்தால் மொனார்க் பட்டாம்பூச்சிகளும் தேனீக்களும் வரும் என்கிறார்கள். விதைகள் கைவசம் உள்ளன. வசந்தத்தில் ஊன்றினால் போதுமா, முன்னதாக ஏதேனும் செய்ய வேண்டுமா?

பதில் 1

குளிரும் ஈரமும் சேர்ந்து பட்டால்தான் இவ்விதைகள் நன்றாக முளைக்கும். ஈர மணலில் கலந்து, குளிர்பதனப் பெட்டியில் (உறைய வைக்கும் பகுதியில் அல்ல) 30 நாள்களுக்குக் குறையாமல் வைத்திருந்து, பனி விலகியபின் ஊன்றலாம். எனினும், இலையுதிர் காலத்தின் இறுதியில் பள்ளத்தின் ஓரத்திலேயே தூவி, மெல்லிய மண்படலத்தால் மூடிவிட்டு மற்றதைக் குளிர்காலத்திடம் விட்டுவிடுவதே எனக்குப் பிடித்த வழி. பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும்.

பதில் 2

களிமண்ணும் ஈரமும் இதற்கு உகந்தவையே. நல்ல வெயில் மட்டும் வேண்டும். ஆனால் இளங்கன்றுகள் நாள்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடக்கக் கூடாது. இது குளிரில் தரைமட்டம்வரை பட்டுப்போய், வசந்தத்தில் மற்றச் செடிகளெல்லாம் தழைத்த பிறகே துளிர்விடும் என்பதால், செத்துவிட்டதென்று தோண்டிவிடாமலிருக்க, பழைய தண்டுகளை அடையாளமாக விட்டுவையுங்கள். மஞ்சள் அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்துவிடலாம். நம்மவர்கள் உடனே வேப்பெண்ணெயைத் தேடுவார்கள். அது மொனார்க் புழுக்களையும் கொன்றுவிடும்.

பதில் 3

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இது நம் எருக்கின் உறவுச் செடி. எருக்கைப் போலவே இதன் மகரந்தமும் தூளாக உதிராமல், மெழுகுப் பைகள் இரண்டிரண்டாக இணைந்து பூவின் பிளவுக்குள் மறைந்திருக்கும். தேனருந்தும் வண்டின் கால் அப்பிளவில் வழுக்கிச் சிக்கும்போது அந்த இணை காலில் மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குச் செல்லும். கூர்ந்து பார்த்தால் பெருந்தேனீயின் கால்களில் சிறு மஞ்சள் துணுக்குகள் தொங்குவது தெரியும். மொனார்க் தன் முட்டைகளைப் பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில் ஒவ்வொன்றாக இடும்; இலைகளைப் புழு அரிப்பதற்காகத்தானே வளர்க்கிறோம், எனவே அரிப்பைக் கண்டு கலங்க வேண்டாம். செடியை ஒடித்தால் வடியும் பால் நச்சுத்தன்மையுடையது; கண்ணில் படாமல் கையுறை அணிந்து வெட்டுங்கள். விதைக்குப் பதிலாகக் கன்றாக வாங்குவதானால், பூச்சிமருந்து இடப்பட்டதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வேர்வழி ஏறும் மருந்து இலையிலும் தேனிலும் தங்கும்.