கள்ளுச் சீவுகிற குடும்பம்: பிரான்ஸ் வைன் பண்ணை போல எங்கள் வளவிலும் செய்யலாமா?

ஒட்டுசுட்டான் பெடியன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஐயா கள்ளுச் சீவுகிறவர். அப்புவும் அதே தொழில்தான். வன்னியில் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே எங்களுக்கென்று ஒரு பனங்காணி இருக்கிறது. சண்டைக் காலத்தில் பதுங்குகுழிக்குத் தறித்தது போக மிஞ்சின பனைகள். ஐயாவுக்கு முழங்கால் ஏலாது. இன்னும் ஏறுகிறார், ஆனால் இறங்கி வந்து திண்ணையில் இருந்தால் எழும்ப ஆள் கை கொடுக்க வேணும்.

பிரான்சில் இருக்கிற அத்தான் அங்கே ஒரு வைன் பண்ணைக்குப் போய்ப் படங்கள் எடுத்து அனுப்பினார். கல்வீடு, நிலக்கீழ் அறை, வரிசையாகப் பீப்பாய்கள், சுவரில் பூட்டன் படம், போத்தலில் குடும்பப் பெயர். "இதையே நீங்கள் அங்கே செய்யுங்கோ. வன்னிக் கள்ளு என்று போத்தலில் அடைச்சு வையுங்கோ, வெளிநாட்டுச் சனம் வந்து பார்க்கும், குடிக்கும், வாங்கும்" என்கிறார். காசும் போடுவாராம். அம்மாவுக்குத் துளியும் விருப்பமில்லை. "படிச்ச பிள்ளை கள்ளு முட்டி தூக்கப் போறியோ?" என்றார். ஐயா வாயே திறக்கவில்லை, கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

கள்ளை வீட்டில் அடைத்து வைத்து விற்க முடியுமா? நான் ஏறப் பழக வேணுமா, ஆள் பிடித்தால் போதுமா? தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பரந்தன் சந்தி:

முதலில் சட்டம். கள்ளு மதுவரிக்குள் வருகிற சாமான். இலங்கையின் 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு இன்றைக்கும் நடக்கிறது. படலையில் பலகை தொங்கவிட்டு விற்க ஏலாது. 1970களில் பனை தென்னை வள கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகு வடக்கில் கள்ளு பெரும்பாலும் அவை வழியாகத்தான் தவறணைக்கு, அதாவது கள்ளுக்கடைக்குப் போகிறது. உங்கள் ஐயாவும் அங்கத்தவராக இருப்பார். சங்கத்தில் கேளுங்கோ, பிறகு மதுவரி அலுவலகத்தில் கேளுங்கோ. அத்தானிடம் கடைசியாகக் கேட்கலாம்.

பூநகரி மகள்:

தம்பி, நான் சீவல்காரன் மகள். பூநகரியில் பிறந்தேன், இப்போது முரசுமோட்டையில் இருக்கிறேன். ஏறினது ஐயா. ஆனால் மரத்துக்குக் கீழே நடக்கிற வேலை முழுக்க அம்மாவும் நாங்களும்தான். அதைப்பற்றி உங்கள் அத்தானின் படத்தில் ஒன்றும் இருக்காது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

வைனை வைத்திருக்கலாம். கள்ளு வைத்திருக்கிற சாமான் இல்லை. பாளையில் இருந்து சொட்டும்போது அது வெறும் இனிப்புத் தண்ணீர். முட்டிக்குள் விழுந்த உடனேயே நொதிக்கத் தொடங்கிவிடும். பழைய முட்டியில் ஊறிக்கிடக்கிற மண்டியே அதற்கு உறை. காலையில் இறக்கினது மத்தியானம் நல்ல பதம், பின்னேரம் காரம், அடுத்த நாள் புளி, அதற்குப் பிறகு வினாகிரிப் பக்கம் போய்விடும். மூடி இறுக்கின போத்தலில் ஊற்றினால் காற்று அடைபட்டு வெடிக்கும். எங்கள் சித்தப்பா ஒருவர் கொழும்புக்குப் போகும்போது சோடாப் போத்தலில் அடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். மாங்குளம் தாண்ட முதல் பஸ் முழுக்க நாறிப் போய்விட்டது. கடையில் போத்தலில் விற்கிற கள்ளு இருக்கிறதுதான், அது வடிகட்டி, சூடாக்கி, நொதிப்பை நிறுத்தினது. அதற்கு இயந்திரம் வேணும். ருசியும் வேறு.

இனி ஏறுகிறதைப் பற்றி. ஆள் பிடிக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே பிடிப்பீர்கள்? இருக்கிற சீவல்காரர் எல்லாம் உங்கள் ஐயா வயதுக்காரர். இது கூலிக்கு வந்து போகிற வேலையும் இல்லை. பாளையைக் கட்டி, தட்டி, நசித்து, கள்ளு ஊற விடுகிறதற்கே கிழமைக் கணக்கில் ஆகும். ஊறத் தொடங்கினால் காலையும் பின்னேரமும் ஏறி, பாளை நுனியை ஓலை மொத்தத்துக்குச் சீவி விட வேணும். ஒரு நாள் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துவிடும், பட்ட பாடெல்லாம் வீண். செத்தவீடு என்றாலும் மரம் ஏறத்தான் வேணும். என் கலியாணத்தன்று ஐயா விடியப்புறம் ஏறி இறங்கித்தான் குளித்து வேட்டி கட்டினார். மாப்பிள்ளை வீட்டார் வரமுதல், மரம் ஏறக் காலில் மாட்டுகிற தளநாரையும் கத்திக்கூட்டையும் ஒளித்து வைக்கச் சொல்லி ஒரு மாமி கத்தினார். ஐயா ஒளிக்கவில்லை. வழக்கமாகத் தொங்குகிற இடத்தில், முன் விறாந்தையிலேயே தொங்கவிட்டார்.

உங்கள் அம்மா ஏன் வேண்டாம் என்கிறார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். எங்கள் ஊரில் அப்பத்துக்கு மாப் புளிக்க வைக்கக் கள்ளு வேணும். பொழுது படும் நேரம் சின்னப் பிள்ளைகளிடம் செம்பு கொடுத்து எங்கள் வீட்டுக்கு அனுப்புவார்கள். அம்மா பன்னாடையில் வடித்து, பூச்சி ஒன்றும் இல்லாமல் ஊற்றிக் கொடுப்பார். அந்த அப்பத்தை ஊரே சாப்பிடும். ஆனால் அதே வீட்டுக்காரர் எங்கள் கிணற்றடியில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். இதையெல்லாம் வாழ்ந்து கடந்தவர் உங்கள் அம்மா. வெளிநாட்டுச் சனம் வந்து படம் எடுத்தால் இது மாறும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் ஒன்று செய்யலாம். கருப்பணி இறக்குங்கோ. முட்டியைக் கழுவிக் காயவைத்து உள்ளே சுண்ணாம்பு பூசிக் கட்டினால் நொதிக்காது, இனிப்பாகவே இறங்கும். அதைக் காய்ச்சிப் பனங்கட்டி ஆக்கலாம். ஏழெட்டு லீற்றர் காய்ச்சினால் ஒரு கிலோ கிடைக்கும், மரத்தையும் மாதத்தையும் பொறுத்துக் கூடிக் குறையும். அம்மா காய்ச்சுகிற நாளில் நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருவோம். முதலில் வெள்ளை நுரை எழும்பும், பொங்கி வழியாமல் ஒரு துண்டு தேங்காய்ச் சொட்டைப் போடுவார். பிறகு நிறம் மாறும், நுரை சின்னக் கண்ணாகும், அகப்பையைத் தூக்கினால் நூலாக இழுபடும். அப்போது ஒரு சொட்டைத் தண்ணீர்ச் சிரட்டைக்குள் விடுவார். அது கரையாமல் விரலில் உருண்டு வந்தால் அடுப்பை இழுத்துவிட வேணும். அரை நிமிடம் பிந்தினாலும் கருகிவிடும். அந்த நேரம் யாராவது கதை கொடுத்தால் அகப்பையாலேயே ஒன்று விழும். இறக்கி, துழாவி, ஓலையில் இழைத்த குட்டானில் வார்த்தால் மாரி முடியும்வரை வைத்து விற்கலாம். நீங்கள் தேடுகிற, அடைத்து வைக்கிற சாமான் இதுதான். இதற்குப் பெயர் போட்டு ஒட்டலாம்.

லாச்சப்பல் மல்லாவி:

நான் ஷாம்பெயின் பக்கம் திராட்சை பிடுங்கப் போனவன். அத்தானின் படத்துக்குக் கொஞ்சம் விளக்கம் தருகிறேன்.

ஷாம்பெயினில் இயந்திரம் விட முடியாது, கையால்தான் பிடுங்க வேணும், அது சட்டம். முதுகு முறிகிற வேலை. அதனால்தான் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுகிறார்கள். வருடத்தில் ஒருமுறை அறுவடை. மற்ற நேரம் சும்மா இருக்கிறார்களா என்றால் இல்லை, கடுங்குளிரில் கொடி வெட்டுகிறார்கள். போத்தலில் அடைத்த பிறகு குறைந்தது 15 மாதம் வைத்திருந்துதான் விற்கலாம். அவ்வளவு காலம் காசு முடங்கிக் கிடக்கும், அதைத் தாங்குகிற குடும்பம்தான் சொந்தப் பெயர் போடும். எல்லாருக்கும் போத்தலில் பெயர் இருக்கிறது என்று நினைக்காதேங்கோ. நிறையச் சிறு விவசாயிகள் பழத்தைப் பெரிய நிறுவனத்துக்கோ கூட்டுறவுக்கோ கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான். உங்கள் ஐயா சங்கத்துக்குக் கள்ளு அளந்து கொடுக்கிறதும் அதே கணக்குத்தான்.

வழக்கம் என்று பார்த்தால், அவர்களுக்கும் காவல் தெய்வம் இருக்கிறது. ஜனவரி 22 புனித வின்சென்ட் நாள். சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவார்கள், பிறகு பெரிய சாப்பாடு. எங்களுக்கும் தையில்தான் ஆண்பனை சீவத் தொடங்குகிறது. எங்கள் அப்பு முதல் முட்டிக் கள்ளைப் பனையடி வைரவருக்குத்தான் வைப்பார். அதற்குமுன் யாரும் கள்ளுக் குடிக்கிற ஓலைப் பிளாவில் வாய் வைக்க முடியாது. அவர் மட்டும் 'பதம் பார்க்கிறேன்' என்று மரத்திலேயே கொஞ்சம் குடித்துவிட்டு வருவார் என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. திராட்சை நட்டால் மூன்று நாலு வருடத்தில் பழம். பனை பாளை விட பதினைந்து இருபது வருடம் போகும். இருக்கிற பனையை எண்ணிப் பார்த்துவிட்டுக் காசு போடச் சொல்லுங்கோ. பக்கத்தில் விதையும் ஊன்றுங்கோ.

ஒட்டுசுட்டான் பெடியன்:

எல்லாருக்கும் நன்றி. பூநகரி அக்கா எழுதினதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். செம்புக் கதையில் "நிப்பாட்டு" என்றார். பனங்கட்டிப் பகுதிக்கு வந்ததும் "தேங்காய்ச் சொட்டு இல்லை, ஆமணங்கொட்டை" என்று சண்டைக்கு வந்தார். அவ காய்ச்சுவா என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். ஐயா, ஏறப் பழகுகிறதென்றால் முதல் தென்னையில் பழகு என்கிறார். அத்தானுக்கு இன்னும் சொல்லவில்லை. அக்கா, சுண்ணாம்பு எவ்வளவு பூசுகிறது?

பூநகரி மகள்:

ஆமணங்கொட்டையும் போடுவார்கள், அம்மா சொல்கிறபடியே செய்யுங்கோ. சுண்ணாம்புக்கு அளவுக் கரண்டி கிடையாது. உள்சுவர் முழுக்க மெல்லிசாக வெள்ளை பிடிக்க வேணும், அடியில் கட்டியாக நிற்கக் கூடாது. குறைந்தால் முட்டியில் நுரை நிற்கும், புளிமணம் வரும், அந்தக் கருப்பணி எவ்வளவு காய்ச்சினாலும் இறுகாது, பாணிதான். கூடினால் பனங்கட்டி கறுத்து நாக்கைக் கடிக்கும். காய்ச்ச முதல் தெளிய விட்டு, மேலால் வடியுங்கோ, அடிமண்டியைச் சட்டிக்குள் விடாதேங்கோ. குட்டானுக்கு ஓலையை இப்போதே வெட்டிக் காயப் போடுங்கோ, பருவம் தொடங்கினால் இழைக்க நேரம் கிடைக்காது. தென்னையில் பழகச் சொன்ன ஐயா சொல் சரி. தளநாரைக் கடையில் வாங்காதேங்கோ, அவரே திரித்துத் தரட்டும்.