முன்அனுபவம் இல்லாமல் அபார்ட்மென்ட் மேனேஜர் வேலைக்குப் போனவர்கள், உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஓஎம்ஆர்வாசி:
செல்போன் கடையில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவர் சொல்லி ஒரு பெரிய குடியிருப்புச் சங்கத்துக்குப் போனேன். எக்செல் வருமா, வீடு பக்கமா, செயலாளர் கேட்டது இவ்வளவுதான். ராத்திரி லிஃப்ட் நின்றால் யார் ஓடி வருவது என்பது அவர் கவலை.

சேர்ந்தது 2019 கோடை. செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு கிடந்த நேரம். விடிந்தால் லாரிக்காரருக்கு போன், அவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு. லாரி வந்ததும் சம்ப்பில் இறக்குவதற்கு முன் டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய) ஆபரேட்டர். பழைய பிளம்பர் பின்னாலேயே அலைந்து எந்த வால்வு எந்த பிளாக்குக்கு என்று நோட்டில் வரைந்துகொண்டேன். பில்டர் கொடுத்த வரைபடத்தில் இருந்தது ஒன்று, தரைக்கடியில் இருந்தது இன்னொன்று! இன்றைக்கும் கமிட்டி மாறும்போதெல்லாம் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.

கணக்கு வேலை பழகியதுதான். ஜிஎஸ்டி மட்டும் புதிது. ஒரு வீட்டின் பராமரிப்புக் கட்டணம் மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம் உண்டு. ஆடிட்டரிடம் உட்கார்ந்து கேட்டால் ஒரு மாலையில் புரிந்துவிடும்.

கோவைக்காரன்:
எனக்கு இது வேறு வழியில் வந்தது. துபாயில் இருக்கும் அத்தை மகன் வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போய், அவர் நண்பர்கள் வீடுகளும் சேர்ந்துவிட்டன. ரிப்பேரை விட ரகளை வாடகை வரியில்தான். வீட்டுக்காரர் என்ஆர்ஐ என்றால், குடியிருப்பவர் வாடகையைக் கொடுக்கும்போதே அதில் வரியை (இதற்கும் பெயர் டிடிஎஸ்தான்) பிடித்து வருமானவரித் துறைக்குக் கட்ட வேண்டும், தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும். ஒருவர், "உங்க ஓனர் வரியை நான் ஏன் சார் கட்டணும்?" என்று வாசலிலேயே சண்டைக்கு வந்தார். உங்கள் கைக்காசு இல்லை, வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் அடங்கினார். இப்போது ஒப்பந்தம் எழுதும்போதே அதைச் சொல்லிவிடுகிறேன்.

புதுமுகம்:
பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா?

ஓஎம்ஆர்வாசி:
தாராளமாக. பக்கத்துக் குடியிருப்பில் மேனேஜரே ஒரு அக்காதான். மெயின்டனன்ஸ் கட்ட மாட்டேன் என்று கத்திக்கொண்டு போகிறவர்கள் அவரிடம் ரசீது வாங்கிக்கொண்டுதான் திரும்புகிறார்கள்.