ஆஸ்திரேலியச் சம்பளமும் அங்கு வாழ ஆகும் செலவும்: உங்கள் அனுபவம் என்ன?

பரமட்டா வாசி

நான் 482 விசாவில், அதாவது நிறுவனம் ஒன்று பொறுப்பேற்று அழைக்கும் தற்காலிகப் பணி விசாவில், குடும்பத்துடன் சிட்னிக்கு வந்தவன். பணி நியமனக் கடிதத்தில் ஆண்டுக்கு 1,10,000 டாலர் என்றிருந்தது. அது சூப்பர் எனப்படும் ஓய்வூதிய நிதிப் பங்களிப்பும் உட்பட்ட தொகை. 12 விழுக்காடு சூப்பரைக் கழித்தால் அடிப்படைச் சம்பளம் சுமார் 98,200 டாலர். வருமான வரியும், பொது மருத்துவத் திட்டத்துக்கான மெடிகேர் தீர்வையும் போக மாதம் கைக்கு வருவது சுமார் 6,300 டாலர். வாரம் 700 டாலர் வாடகை என்றால் மாதத்துக்கு 3,000 டாலரைச் சற்றுத் தாண்டும். இவ்வளவும் கோவையிலேயே கணக்கிட்டு வைத்திருந்தவை என்பதால் இவற்றில் எனக்கு அதிர்ச்சி இல்லை.

மனத்தை விட்டு அகலாதது குழந்தைகள் காப்பகத்தில் நடந்தது. மூன்று வயது மகளைச் சேர்க்கப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தோம். அதில், காப்பகக் கட்டணத்துக்கான அரசு மானியம் பெறுவோருக்குச் சென்டர்லிங்க் என்ற அரசு உதவி அலுவலகம் தரும் எண்ணை எழுத ஒரு கட்டம் இருந்தது. எங்களிடம் அந்த எண் இல்லை என்றதும், அப்படியானால் முழுக் கட்டணம், நாளொன்றுக்கு 155 டாலர் என்று பொறுப்பாளர் பணிவாகச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் அதே படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த பெண்மணி நிரந்தர வசிப்புரிமை பெற்றவர். அவருடைய குடும்ப வருமானம் எங்களுடையதைவிடக் கூடுதல். அரசு மானியம் போக அவர் செலுத்த வேண்டியது நாளொன்றுக்கு 50 டாலருக்கும் குறைவு. அவருடைய குழந்தையும் என் மகளும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் இருக்கப் போகிறவர்கள்.

என் மனைவி ஊரில் கணக்காளராக இருந்தவர். அந்த வாரம்தான் அவருக்கு ஆண்டுக்கு 60,000 டாலர் சம்பளத்தில் ஒரு வேலை வந்திருந்தது. வரி போக வாரம் 960 டாலர் கைக்கு வரும். ஐந்து நாள் காப்பகக் கட்டணமோ 775 டாலர். மீதியில் ரயில் கட்டணத்தையும் கழித்தால் நிற்பது வாரம் முழுவதும் உழைத்ததற்கான ஊதியம் அன்று. அவர் எதுவும் பேசாமல் பேனாவை மூடிக் கைப்பைக்குள் வைத்தார். எத்தனை டாலர் சம்பளம் என்று ஊரிலிருந்து கேட்கும் ஒவ்வொருவரிடமும், எந்த விசா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றே நான் சொல்கிறேன்.

டண்டினோங் குடும்பத்தவர்

பரமட்டா சகோதரரின் வேதனை எனக்கு விளங்குகிறது. ஆனால் நிரந்தர வதிவுரிமை கிடைத்துவிட்டால் சுமை இறங்கிவிடும் என்ற தொனி அவருடைய எழுத்தில் இருக்கிறது. அதை நான் ஏற்கமாட்டேன். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வதிவுரிமை பெற்று, குடியுரிமையும் பெற்று, மெல்பேர்ணில் வீடு வாங்கியவர்கள்.

மத்திய வங்கியின் வட்டி வீதம் 0.10 ஆக இருந்த காலத்தில், 6 இலட்சம் டொலர் கடனை மூன்று ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 2 வீத நிலையான வட்டியில் எடுத்தோம். மாதத் தவணை 2,200 டொலர் சொச்சம். 2022 மே மாதத்தில் ஏறத் தொடங்கிய மத்திய வங்கியின் வட்டி 2023 நவம்பரில் 4.35 வீதத்தில் வந்து நின்றது. எங்களுடைய நிலையான வட்டிக்காலம் முடிந்தபோது தவணை 3,400 டொலரைத் தாண்டியது. எங்கள் இருவரின் சம்பளமும் அந்த இடைவெளியில் கூடத்தான் செய்தது. ஆனால் மாதம் 1,200 டொலர் கூடவில்லை.

தவணையைச் சிறிது காலத்துக்குக் குறைத்துத் தரும்படி வங்கிக்குத் தொலைபேசி எடுத்தேன். வங்கி அலுவலர் எங்கள் மாதச் செலவை வரி வரியாக வாசித்துக்கொண்டு வந்தார். உணவு, மின்சாரம், வாகனப் பதிவு, காப்புறுதி, பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு என்று சென்று, மாதந்தோறும் வெளிநாட்டுக்குப் போகும் 400 டொலர் என்ன என்று கேட்டார். அம்மாவுக்கு என்றேன். “இது நீங்கள் விரும்பிச் செய்யும் செலவு, கட்டாயச் செலவு அல்ல” என்று சொல்லி அதை வேறொரு நிரலுக்கு மாற்றினார். அவர் தன் கடமையைத்தான் செய்தார். ஆனால் சுன்னாகத்தில் மருந்துக்கும் வைத்தியருக்கும் அந்தப் பணத்தையே நம்பியிருக்கும் ஒரு தாய், நீச்சல் வகுப்புக்கு அடுத்த வரியில் வைக்கப்பட்டதை என்னால் இன்னும் சீரணிக்க முடியவில்லை.

கிளேட்டன் மாணவி

இருவரும் பெரிய தொகைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்; நான் மணிக்கூலியைப் பற்றி எழுதுகிறேன். நம்மவர் நடத்தும் ஓர் உணவகத்தில் சமையலறை உதவியாளராக இருந்தேன். மணிக்கு 13 டாலர், கையில் ரொக்கம், சம்பளச் சீட்டுக் கிடையாது. 2025 ஜூலையில் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலராக உயர்ந்தது என்பதும், என்னைப் போன்ற கேஷுவல் (நிலையான பணி நேரமோ ஊதிய விடுப்போ இல்லாத) பணியாளருக்கு அதன்மேல் 25 விழுக்காடு சேர்ந்து 31 டாலருக்கு மேல் வர வேண்டும் என்பதும் இங்கே அனைவருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, சட்டப்படி வர வேண்டியதைக் கேட்டேன். முதலாளி கோபப்படவில்லை. நோட்டுகளை என் முன் எண்ணி வைத்துவிட்டு, “இதை ஊர்ப் பணத்தில் பெருக்கிப் பார், அம்மா. உன் அப்பா ஒரு நாளில் இவ்வளவு பார்ப்பாரா?” என்று கேட்டார். என் தந்தை திருவாரூரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். அந்த ஐந்து மணி நேரக் கூலியை அவர் ஒரு நாளில் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். எனக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை. இப்போதும் அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

வென்ட்வொர்த்வில் பழையவர்

என் உறவினர் ஒருவருக்கும் இதே நிலை ஏற்பட்டு, புகார் கொடுத்துப் பாக்கித் தொகை முழுவதையும் பெற்றார். எனவே கிளேட்டன் தங்கைக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு என்று கருதுகிறேன்.

முதலாவதாக, வேலை செய்த ஒவ்வொரு நாளையும், தொடங்கிய நேரத்தையும், முடித்த நேரத்தையும், பெற்ற தொகையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பணி நேரம் குறித்து வந்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். ஊதியம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் சம்பளச் சீட்டுக் கொடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. ஆவணங்கள் வைக்காத முதலாளி, ஊதியம் சரியாகக் கொடுத்தேன் என்பதைத் தாமே மெய்ப்பிக்க வேண்டிய நிலை வரும். ஊதியப் புகார்களை விசாரிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தை அணுக வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால் 131 450 என்ற எண்ணில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் என்று சொல்லுங்கள். ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்ட பாக்கியைக் கோரலாம். 1,00,000 டாலர் வரையிலான கோரிக்கைகளுக்கு நீதிமன்றத்தில் எளிய நடைமுறையும் இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல், தெரிந்தே ஊதியத்தைக் குறைத்துக் கொடுப்பது குற்றவியல் வழக்குக்கு உரிய குற்றம்.

இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற மாணவர் வரம்பைத் தாண்டியிருந்தால் விசா போய்விடும் என்ற அச்சத்தைக் காட்டித்தான் பலரை வாய் திறக்காமல் வைத்திருக்கிறார்கள். சுரண்டலுக்கு ஆளானவர் உதவி கோரினால் அவருடைய விசாவைப் பாதுகாக்கும் ஏற்பாடு 2024 ஜூலை முதல் வலுப்படுத்தப்பட்டிருக்கிறது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு என்பதால், புகாருக்கு முன் ஓர் இலவசச் சட்ட உதவி மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரமட்டா தம்பிக்கும் ஒன்று. மெடிகேர் உரிமை இல்லாத தற்காலிக விசாவில் இருப்பவர் 2 விழுக்காடு மெடிகேர் தீர்வையைச் செலுத்த வேண்டியதில்லை. மெடிகேரை நடத்தும் அரசு அமைப்பான சர்வீசஸ் ஆஸ்திரேலியாவிடம் விண்ணப்பித்து உரிமையில்லை என்ற சான்றைப் பெற்று, ஆண்டு வரிக் கணக்கில் விலக்குக் கோர வேண்டும். உங்கள் சம்பளத்துக்கு அது ஆண்டுக்கு 1,900 டாலருக்கு மேல். இதைக் கேட்டு வாங்காமல் விட்டுவிடும் நம்மவர் பலர்.

கிளேட்டன் மாணவி

அண்ணாவின் அக்கறைக்கு நன்றி. குறிப்பேடு எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஆனால் நான் புகாரைப் பற்றி எழுதவில்லை. முதலாளி என்னைப் போடச் சொன்ன அந்தப் பெருக்கலைப் பற்றி எழுதினேன். நான் இருக்கும் அறைக்கு வாரம் 230 டாலர். 24 மணி நேரம் உழைத்தால் அவர் தந்தது 312 டாலர். சட்டப்படி வர வேண்டியது ஏறத்தாழ 750 டாலர். வாடகை போக மீந்த 82 டாலரில்தான் உணவும், பேருந்தும், தொலைபேசியும். வாடகையை என்னிடம் யாரும் ரூபாயில் கேட்பதில்லை. சம்பளத்தை மட்டும் ரூபாயில் பெருக்கச் சொல்வது எந்த நியாயத்தில் சேரும் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும்.

பிரிஸ்பேன் பராமரிப்புப் பணியாளர்

எல்லாரும் சிட்னியையும் மெல்போர்னையும் மட்டுமே ஆஸ்திரேலியா என்று எழுதுகிறீர்கள். எங்கள் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2024 ஆகஸ்ட் முதல் பேருந்து, ரயில், படகு எதில் ஏறினாலும் ஒரு பயணத்துக்கு 50 சென்ட்தான். சிட்னியில் ஓபல் என்ற பயண அட்டையில் வாரத்துக்கு 50 டாலர் வரை போகும். முதியோர் இல்லங்களில் நேரடிப் பராமரிப்புச் செய்யும் எங்களுக்கு 2023 ஜூன் இறுதியில் 15 விழுக்காடு ஊதிய உயர்வும் கிடைத்தது. இங்கே வந்து பாருங்கள் என்றே நண்பர்களிடம் சொல்லி வந்தேன்.

எங்கள் இல்லத்தில் தொண்ணூறை நெருங்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர். ஒரு நாள் காலை அவருக்கு முகச்சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தபோது, நான் எங்கே குடியிருக்கிறேன் என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். அதே ஊரில்தான் தாமும் வீடு வாங்கியதாகவும், மனைவி வேலைக்குப் போகாமலே அந்தக் கடனை அடைத்து நான்கு பிள்ளைகளை வளர்த்ததாகவும் சொன்னார். என் வாடகையைக் கேட்டார். வாரம் 620 டாலர் என்றதும், மாதத்துக்கா என்று திருப்பிக் கேட்டார். வாரத்துக்குத்தான் என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. நானும் கணவரும் இருவருமே முழுநேரம் உழைக்கிறோம் என்பதையும் சொன்னேன். “அப்படியானால் உங்களுக்குச் சம்பளம் சரியாகத் தருவதில்லை, தொழிற்சங்கத்தில் சேர்ந்துகொள்” என்று கோபத்தோடு சொன்னார்.

அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2022 டிசம்பரில் முடிந்த ஆண்டில் விலைவாசி 7.8 விழுக்காடு ஏறியது, சம்பளங்களோ 3.3 விழுக்காடுதான் ஏறின. எங்களுக்குக் கிடைத்த 15 விழுக்காட்டில் எவ்வளவு உண்மையான உயர்வு, எவ்வளவு ஏற்கெனவே இழந்ததை ஈடு செய்தது என்று பார்த்தால் பெருமையாகப் பேச முடிவதில்லை. ஆயினும் டண்டினோங் அண்ணாவிடம் ஒன்று சொல்வேன்: வீடு உங்கள் பெயரில் இருக்கிறது. தவணை ஏறினாலும் அது ஒரு நாள் முடியும். வாடகைக்கு இருக்கும் எங்களுக்கு முடிவு என்ற ஒன்று இல்லை. இரண்டையும் ஒரே துன்பமாக எழுதுவது சரியன்று.

டண்டினோங் குடும்பத்தவர்

தங்கச்சி சொல்வதில் உள்ள வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன். 2025இல் மத்திய வங்கி மூன்று முறை வட்டியைக் குறைத்து 3.60 வீதத்துக்குக் கொண்டு வந்ததும் எங்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. அப்படி ஒரு குறைப்பு வாடகைக்கு வருவதில்லை. அம்மாவுக்கு அனுப்பும் பணத்தை நாங்கள் நிறுத்தவில்லை. அதற்காக இரண்டாவது வாகனத்தை விற்றோம்.

பரமட்டா வாசி

வென்ட்வொர்த்வில் அண்ணா சொன்ன சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டேன்; மிக்க நன்றி. பிரிஸ்பேன் சகோதரியின் யோசனையை நானும் மனைவியும் ஆராய்ந்தோம். 482 விசாவில் வேலையை விட்டால், 180 நாட்களுக்குள் வேறொரு நிறுவனம் எங்களை ஏற்க முன்வர வேண்டும். அந்த நாட்களில் சம்பளம் இல்லாமல் வாடகை கட்ட எங்களிடம் சேமிப்பு இல்லை. மேலும் குழந்தைகள் காப்பக மானியம் நடுவண் அரசின் திட்டம். மாநிலம் மாறினாலும் படிவத்தில் அந்தக் கட்டம் நிரம்பாது. மகள் பள்ளிக்குப் போகும் வரை மனைவி வீட்டிலிருப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். நியூ சவுத் வேல்ஸ் அரசுப் பள்ளிகள் எங்களைப் போன்ற தற்காலிக விசாக்காரர்களின் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதால், அதற்கும் இந்த மாதத்திலிருந்து ஒரு தொகையைத் தனியே எடுத்து வைக்கிறோம்.