போக்சோ புகாருக்கு ரசீதுகூடத் தரவில்லை: அடுத்து எங்கே செல்வது?

மதுரை மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளிடம் உடற்கல்வி ஆசிரியர் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதைப் பள்ளித் தாளாளரிடம் ஜூன் 18 அன்று எழுத்து மூலம் தெரிவித்தோம். கோயில் விழா மேடைகளில் பெண்மையைப் போற்றி ஒழுக்கம் பேசும் அந்தப் பெரியவர், கடிதத்தை நான்காக மடித்து அக்காவின் கையிலேயே திணித்து, "பிள்ளையின் பெயர்தான் கெடும்" என்றார். அக்கடிதம் அதே மடிப்புடன் எங்களிடம் இருக்கிறது.

குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்குப் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 21ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்தோம்; அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ஜூன் 24 அன்று மனுக் கொடுத்தோம்; மூன்று வாரமாகியும் முதல் தகவல் அறிக்கையும் இல்லை, மனு ரசீதும் இல்லை. ஆசிரியர் பணியில் இருக்கிறார். குழந்தைதான் பள்ளிக்குப் போகவில்லை.

தாளாளரையும் வழக்கில் சேர்க்க, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை அணுகுவதா, போக்சோ சிறப்பு நீதிமன்றத்தை நேரடியாக நாடுவதா, எது விரைவான வழி?