ரீமேப் செய்த 1.3 டீசல்: லேக், நீலப்புகை, ஆயில் குறைகிறது

கேள்வி: 1248 சிசி டீசல் கார். ரீமேப் (பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றுவது) செய்து, கேட்ச் கேனும் (இன்ஜின் வெளிவிடும் வாயுவில் உள்ள ஆயிலைப் பிடிக்கும் டப்பா) போட்டிருக்கிறேன். 2500 ஆர்பிஎம் வரை இழுவையே இல்லை, மிதித்தால் கரும்புகை. சிக்னலில் நின்று கிளம்பினால் நீலப்புகை. 1000 கிமீக்கு அரை லிட்டர் ஆயில் போகிறது. டர்போவை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில் 1: அவசரப்படாதீங்க. லேக்கும் (மிதித்தும் இழுவை தாமதமாக வருவது) கரும்புகையும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் பூஸ்ட் லீக், அதாவது டர்போ அழுத்தி அனுப்பும் காற்று வழியில் கசிவது. இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸ் கிளாம்ப் அடியில் ஆயில் கசிவு இருக்கான்னு பாருங்க. டர்போ வாயை அடைத்து 1 பார் காற்று கொடுத்து, சோப்புத் தண்ணீர் தெளிங்க, குமிழி காட்டிக்கொடுக்கும். பிரீதர் குழாயை (இன்ஜின் வாயு வெளியேறும் குழாய்) தனியே அடைக்கணும், இல்லேன்னா கிராங்க்கேஸில் (இன்ஜினின் அடிப்பெட்டி) அழுத்தம் ஏறி சீல் பிதுங்கும்.

பதில் 2: ஆயில் விஷயத்தில் எனக்கு அந்த கேட்ச் கேன் மேலதான் கண். டர்போ ஆயில் தானாக வடிந்துதான் சம்ப்புக்கு (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறங்கும். கேன் குழாய் குறுகலாக இருந்தாலோ அடைத்திருந்தாலோ கிராங்க்கேஸ் அழுத்தம் அதை இறங்க விடாது. ஆயில் டர்போ சீலைத் தாண்டி எக்ஸாஸ்ட்டில் எரியும், நீலப்புகை அதுதான். கேனைக் கழற்றி கம்பெனி குழாயைப் போட்டு ஓட்டிப் பாருங்க. டர்போ ஆயில் வடியும் ரிட்டர்ன் பைப் வாயில் சிலிகான் பேஸ்ட் பிதுங்கி நிற்குதான்னும் பாருங்க, இது அடிக்கடி நடப்பது.

பிறகு டர்போ ஷாஃப்ட்டை (சுழலும் தண்டு) ஆட்டிப் பாருங்க. பக்கவாட்டில் லேசான ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னும் ஆடுவது கைக்குத் தெரிந்தாலோ, இறக்கை உறையில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ முடிந்தது.

பதில் 3: இதெல்லாம் சரியா இருந்தா லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்று கொடுத்து எங்கே கசியுதுன்னு பார்ப்பது). ஆயில் மூடி வழியே காற்று சீறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கில். இன்டர்கூலரில் ஆயில் தேங்கியிருந்தால் வடிக்காம ஓட்டாதீங்க; இன்ஜின் அதையே குடித்து ரன்அவே (கட்டுப்பாடில்லாமல் வேகமெடுப்பது) ஆனால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது.