பழைய ராணுவத் தோட்டாக்களைப் புதிய கைத்துப்பாக்கியில் சுடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். 1950களில் ருமேனியாவில் தயாரான 7.62×25 மி.மீ. டோக்கரேவ் தோட்டாக்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய மலிவாகக் கிடைத்தன. அவற்றை என்னுடைய புதிய சஸ்தாவா (செர்பிய நிறுவனம்) கைத்துப்பாக்கியில் சுடுவது பாதுகாப்பானதா?

பதில்: குழலில் பொறித்துள்ள அளவும் தோட்டாவின் அளவும் ஒன்றாக இருந்தால் மட்டும் சுடுங்கள். அக்காலத்துப் பிரைமரில் (தோட்டாவின் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது வெடித்தபின் எஞ்சும் பொட்டாசியம் குளோரைடு உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெயில் அந்த உப்பு கரையாது. ஒருமுறை நான் எண்ணெய் மட்டும் தடவி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் குழலுக்குள் செம்பழுப்புப் படலத்தைக் கண்டேன். ஆகவே சுட்ட அன்றே வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் பூசுங்கள்.

பதில்: ஒவ்வொரு தோட்டாவையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், கழுத்தில் விரிசலோ, உறையில் துருக்குழியோ, உள்ளே தளர்ந்து ஆடும் குண்டோ தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால், குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 வினாடியாவது காத்திருங்கள், ஏனெனில் பழைய வெடிமருந்து தாமதமாகப் பற்றக்கூடும். சத்தம் மந்தமாகக் கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. குழலில் குண்டு சிக்கியிருக்கலாம்.

பதில்: 9 மி.மீ. கைத்துப்பாக்கி வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை: உசி (Uzi) எனும் இஸ்ரேலிய ரக நீள்குழல் துப்பாக்கிகளுக்கென இஸ்ரேல் தயாரித்த கருப்பு முனைத் தோட்டாக்கள் அழுத்தம் மிகுந்தவை, கைத்துப்பாக்கியில் அவற்றை இடாதீர்கள்.